மேலே வெள்ளி, கீழே ஆணி

1838ல அமெரிக்காவோட மிச்சிகன் மாநிலத்துல ஒரு பேங்க். மாநில அரசு அனுப்பின ஆய்வாளர்கள் கையிருப்புப் பெட்டிகளைத் திறந்து பார்க்கிறார்கள். மேலே பளபளன்னு வெள்ளிக் காசு. கையை உள்ளே விட்டால் ஆணியும் கண்ணாடித் துண்டும்!

'பேங்க் எக்ஸாமினர்'ங்கிற உத்தியோகத்தோட கதையை இந்தப் பெட்டியில இருந்துதான் ஆரம்பிக்கணும்னு எனக்குத் தோணுது. நம்ம ஊர்ல காலேஜ் முடிச்சா பேங்க்ல வேலைக்குச் சேர்றது தெரியும். பேங்கையே பரீட்சை எடுக்கிற வேலைக்குச் சேர்றதுன்னு அமெரிக்காவில் ஒரு தனி ரூட்டே இருக்கு. அது எப்படி வந்ததுன்னு பார்ப்போம்.

மிச்சிகனில் 1837ல் போட்ட சட்டப்படி, பேங்க் ஆரம்பிக்கத் தனித்தனியா சட்டசபை அனுமதி தேவையில்லை. மூலதனத்தில் 30 சதவீதம் தங்கம், வெள்ளியா கையில் இருக்கணும்கிறது முக்கிய நிபந்தனை. நம்மாளுங்க மாதிரியே அவங்களும் கில்லாடிங்க :-) ஆய்வாளர் வண்டி கட்டி அடுத்த ஊருக்குப் போறதுக்குள்ள, முந்தின பேங்கில் அவர் எண்ணின அதே வெள்ளி காட்டு வழியா அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். ரெண்டு மூணு வருஷத்தில் பெரும்பாலான பேங்குகள் காலி. அந்த நோட்டை வாங்கிக்கிட்டு கோதுமை கொடுத்த விவசாயி கையில் மிஞ்சினது காகிதம்.

1863 பிப்ரவரி 25ல் லிங்கன் கையெழுத்துப் போட்ட சட்டம்தான் நாடு முழுக்க ஒரே மாதிரி பேங்க் நோட்டுக்கு வழி செஞ்சது. அதைக் கவனிக்க 'கம்ப்ட்ரோலர் ஆஃப் த கரன்சி'ன்னு ஒரு அலுவலகம். முதல் கம்ப்ட்ரோலர் ஹியூ மெக்கல்லக். இண்டியானாவில் பேங்க் நடத்தினவர், இந்தச் சட்டமே வேண்டாம்னு முதலில் எதிர்த்தவர். எதிர்த்தவரையே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வெச்சாங்க!

ஆனா எக்ஸாமினருக்குச் சம்பளம் கிடையாது. ரொம்ப காலம் ஒரு பேங்குக்கு இவ்வளவுன்னு கட்டணம்தான், அதுவும் சோதிக்கப்படுற பேங்க் மேலேயே விதிக்கிறது. அப்போ என்ன ஆகும்? சீக்கிரம் முடிச்சாத்தான் அடுத்த பேங்குக்குப் போகலாம். குறியீட்டு வரிக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்தா நாம எப்படி எழுதுவோமோ, அப்படித்தான் சோதனையும் இருந்திருக்கும். 1913ல் ஃபெடரல் ரிசர்வ் சட்டம் வந்த பிறகுதான் மாதச் சம்பளம். அது இல்லாம இந்த வேலை ஒரு 'கேரியர்' ஆகியிருக்காது.

பெரிய ஆள் சேர்ப்பு நடந்தது 1933ல். 1930லிருந்து 1933 வரை சுமார் 9,000 பேங்குகள் மூழ்கினதுக்கு அப்புறம், டெபாசிட்டுக்குக் காப்பீடு கொடுக்க எஃப்.டி.ஐ.சி. உருவாச்சு. காப்பீடு 1934 ஜனவரி 1ல் ஆரம்பம், ஒருத்தருக்கு 2,500 டாலர் வரை. அதுக்கு முன்னாடி, ஃபெடரல் ரிசர்வில் உறுப்பினரா இல்லாத சுமார் 8,000 மாநில பேங்குகளைச் சோதிச்சாகணும். கையில் சில மாசம்தான். டெட்லைன் பயம் நமக்கு மட்டும் சொந்தமில்லை!

இன்னிக்கு காமர்ஸ், எகனாமிக்ஸ், ஃபைனான்ஸ்னு பட்டம் வாங்கிட்டு வர்றவங்களை உதவி எக்ஸாமினரா எடுக்கிறாங்க. பெட்டியும் கையுமா ஊர் ஊராப் போகணும். 4, 5 வருஷம் கத்துக்கிட்டு, பரீட்சை பாஸ் பண்ணினாத்தான் முழு எக்ஸாமினர். பேங்குக்கு 1லிருந்து 5 வரை மார்க். 1ன்னா ஜோர், 5ன்னா ஊத்தி மூடப் போகுதுன்னு அர்த்தம். மூலதனம், சொத்து, நிர்வாகம், வருமானம், பணப்புழக்கம்னு பார்க்கிற இந்த முறை 1979ல் வந்தது.

சரி, பெட்டிக்குள்ள ஆணி வைக்கிறது நின்னுதா? மேற்கு விர்ஜினியாவில் கீஸ்டோன்னு ஒரு குட்டி நிலக்கரி ஊர். அங்கே ஒரு பேங்க், லாபத்தில் நாட்டிலேயே முன்வரிசை. வெளி ஆடிட்டர்களும் ஓகே சொல்லியாச்சு. 1999ல் எக்ஸாமினர்கள் பேங்க் கொடுத்த கணக்கை ஓரமா வெச்சுட்டு, கடன் தவணைகளை வசூல் பண்ணித் தர்ற கம்பெனிகளிடம் நேராவே கேட்டாங்க. கணக்கில் இருந்த கடன்களில் சுமார் 515 மில்லியன் டாலர் பேங்குக்குச் சொந்தமே இல்லை! பேங்க் ஆவணங்களை ஒரு பண்ணையில் குழி வெட்டிப் புதைச்சிருந்தாங்க. செப்டம்பர் 1ல் பேங்குக்கு மூடுவிழா. புரோகிராம் எழுதினவனே கொடுக்கிற லாகை நம்பி டெஸ்ட் பண்ணக்கூடாதுன்னு நாம சொல்றதும் இதேதான்.

கண்டுபிடிச்சா மட்டும் போதுமா? அதுவும் இல்லை. 2023 மார்ச் 10ல் சிலிக்கான் வேலி பேங்க் விழுந்தப்போ, ஃபெடரல் ரிசர்வின் எச்சரிக்கைகள் 31 தீர்க்கப்படாம பாக்கி இருந்தது. குறை தெரிஞ்சது, ஆனா போதுமான வேகத்தில் அழுத்தம் கொடுக்கலைன்னு ஃபெடரல் ரிசர்வே தன் அறிக்கையில் ஒத்துக்கிச்சு. முந்தின நாள் மட்டும் 42 பில்லியன் டாலரை ஜனங்க எடுத்துட்டாங்க.

ஆகவே, 22 வயசில் இந்த வேலைக்குப் போற பையனோ பொண்ணோ கத்துக்க வேண்டியது ரெண்டு. வெள்ளிக்குக் கீழே கையை விட்டுப் பார்க்கணும். ஆணி தட்டுப்பட்டா, எதிரில் உட்கார்ந்திருக்கிற 55 வயசு சேர்மன் முகத்துக்கு நேரா அதை எடுத்து மேஜை மேல வெக்கணும். முதலாவதுக்குப் பயிற்சி வகுப்பு இருக்கு. ரெண்டாவதுக்கு எந்த வகுப்பும் பத்தாதுன்னு நினைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?