நம் ஊர்ப்பக்கம் வந்த வங்கி

பிரம்மதேசம் என்னும் ஊர்ப்பெயர், அந்தணர்க்கு இறையிலியாக நிலம் வழங்கிய பழைய பிரமதேயக் கொடைகளை நினைவூட்டுவது. நிலம் பெற்றோர் ஒருசாரார்; அதில் உழைத்தோர் மற்றொருசாரார். நம் கடன் வரலாற்றை இவ்வேறுபாட்டிலிருந்தே நாம் தொடங்குதல் வேண்டும். ஏனெனில், கடன் கொடுப்போர் ஈடு கேட்டனர். அவர்கள் விரும்பி ஏற்ற ஈடு நிலமே.

மரக்காணம் உப்பளங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கும், வேலை நின்றுபோகும். அம்மாதங்களில் அடுப்பெரிய முன்பணம் வாங்கும் குடும்பம், அடுத்த பருவத்து உழைப்பை முன்னரே விற்றுவிடுகிறது. உப்பு வாரும் கைகள் உப்பு வணிகத்தில் இறங்க இயலாமைக்குக் காரணம் திறமைக்குறைவன்று; முதலின்மையே.

1969 சூலை 19ஆம் நாள் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அவற்றுள் அடங்கும். 1977இல் ரிசர்வ் வங்கி ஒரு விதி வகுத்தது. வங்கியுள்ள ஊரில் ஒரு கிளை திறக்க விரும்பும் வங்கி, வங்கியில்லாத நான்கு ஊர்களில் கிளை திறத்தல் வேண்டும். 1969க்கும் 1990க்கும் இடையே, முன்பு வணிக வங்கியே இல்லாத ஏறத்தாழ 30,000 சிற்றூர்களில் கிளைகள் தோன்றின. இவ்விரிவு சிற்றூர் வறுமையைக் குறைத்தது எனப் பர்கெஸ், பாண்டே என்னும் பொருளியலறிஞர் இருவர் 2005இல் எடுத்துக்காட்டினர். அவ்விதியோ 1990இல் கைவிடப்பட்டது.

எனினும், கிளை அருகில் வந்ததனாலேயே கடனும் அருகில் வந்துவிடவில்லை. சேமிப்பைச் செலுத்தச் சென்றவரை வரவேற்ற அதே வாயில், கடன் கேட்டுச் சென்றவரிடம் பட்டாவையும் பிணையாளரையும் கேட்டது. இத்தடையை நீக்கவே 1972இல் ஏழையர்க்கு 4 விழுக்காடு வட்டியில் ஈடின்றிக் கடன் வழங்கும் திட்டம் வந்தது. 1974இல் தோன்றிய தாட்கோ, பின்னர் வங்கிக் கடனுடன் மானியத்தை இணைத்தது. 2010இல் ரிசர்வ் வங்கி, குறுந்தொழில், சிறுதொழில் கடன்களுக்கு 10 இலட்சம் ரூபாய் வரை ஈடு கேட்டலாகாது என ஆணையிட்டது.

ஆணை ஏட்டில் இருப்பது ஒன்று. அதனை அறிந்து கேட்பது மற்றொன்று. கடன் மறுக்கப்படின் காரணத்தை எழுத்தில் கேட்கவும், வரவு செலவைக் குறித்து வைக்கவும், எழுதப் படிக்க அறியாத முதியோர்க்கு விண்ணப்பம் எழுதித் தரவும் நம் இளைஞர் முன்வருதல் வேண்டும். கல்விச் சங்கம் ஒன்று கடனைப்பற்றிப் பேசுவது இதன்பொருட்டே.