விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி அனுமதிகள்

விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி என்பது இயங்குதளத்தின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம் ஆகும். இது 1992-இல் வெளியான விண்டோஸ் 3.1-இல் அறிமுகமானது. இதிலுள்ள கோப்புறை போன்ற பிரிவுகள் விசைகள் எனப்படும். 1993-இல் வந்த விண்டோஸ் என்.டி. ஒவ்வொரு விசைக்கும் ஓர் உரிமையாளரையும் அனுமதிப் பட்டியலையும் வழங்கியது.

விண்டோஸ் 2000-இல் இருந்த பாதுகாப்பு வசதி முக்கியக் கோப்புகளை மட்டுமே காத்தது. பின்னர் வந்த விஸ்டா பதிப்பு அதை ரெஜிஸ்ட்ரிக்கும் விரிவாக்கியது. முக்கிய விசைகளின் உரிமை டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்னும் சேவையிடம் சென்றது. இதனால் கணினி நிர்வாகியும் அவற்றை நேரடியாகத் திருத்த முடியாமல் போனது.

எனினும் ஒரு வழி விட்டுவைக்கப்பட்டது. எந்தப் பொருளின் உரிமையையும் கைப்பற்றும் சிறப்புரிமை நிர்வாகிகளுக்கு உண்டு. உரிமையாளர் அனுமதிப் பட்டியலை எப்போதும் மாற்றலாம். 2006-இல் வெளியான பவர்ஷெல் மூலம் இதை ஸ்கிரிப்டாக எழுத முடிந்தது. அத்தகைய ஸ்கிரிப்ட் முதலில் அச்சிறப்புரிமையை இயக்கும். அடுத்து விசையின் உரிமையைப் பெறும். பிறகு அனுமதியைச் சேர்த்து மதிப்பை மாற்றும்.

உரிமையையும் பழைய அனுமதிகளையும் திரும்ப ஒப்படைப்பதே இறுதிப் படி. இது பலமுறை விடுபடுகிறது. அவ்வாறு விடுபட்டால், நிர்வாகி உரிமையுடன் இயங்கும் தீநிரலும் அந்த விசையைத் தடையின்றி மாற்றலாம். ஆகவே மாற்றத்திற்கு முன் பழைய அனுமதிப் பட்டியலைச் சேமித்து வைப்பது அவசியம்.