தாளப்பாக்கத்தாரின் இரு மொழிகள்: திருப்பதியில் ஒரு நாள்

சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். தரிசனத்திற்கு முன்பதிவு செய்திருந்தால் திருச்சானூர், கோவிந்தராசர் கோயில், திருமலை மூன்றையும் கண்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். அண்மையில் அவ்வாறு சென்றுவந்தேன். எனினும் இது பயணக் குறிப்பு அன்று. அக்கோயிற் சுவர்கள் எழுப்பும் ஒரு கேள்வியைப் பற்றியது. கல்வெட்டு எந்த மொழியில் உள்ளதோ, ஊரும் அம்மொழியினருக்கே உரியதாகுமா?

இக்கேள்விக்கு அரசியல் வரலாறு உண்டு. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்திற்கு வேங்கடத்தை வடவெல்லையாகக் கூறுகிறது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்திற்கு அது முதன்மைச் சான்றாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. இன்றும் இவ்வழக்கு சமூக ஊடகங்களில் நடக்கிறது. ஒரு சாரார் தமிழ்க் கல்வெட்டுகளின் எண்ணிக்கையைக் காட்டுவர். மறுசாரார் அன்னமாச்சாரியரின் தெலுங்குப் பாடல்களைக் காட்டுவர்.

எண்ணிக்கையில் ஐயமில்லை. திருச்சானூரில் பல்லவர் காலத்துக் கல்வெட்டுகள் தொடங்கி, இக்கோயில்களில் படியெடுக்கப்பட்டவை ஆயிரத்திற்கும் மேல். மிகப் பெரும்பான்மை தமிழ். 1930களில் தேவஸ்தானம் இவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் உழைப்பு அதில் முதன்மையானது.

அவற்றின் சொற்கள் மொழியியல் மாணவர்க்குப் பெருவிருந்து. கொடைப்பணம் ‘பொலியூட்டு’ எனப்பட்டது: முதல் அழியாமல் நிற்க, அதன் வருவாயில் படையல் நடக்க வேண்டும். பணம் கோயில் ஊர்களின் ஏரி, கால்வாய்களில் இடப்பட்டது. விளைச்சல் பெருகிப் படையலாயிற்று. இப்பொருளியலை பர்ட்டன் ஸ்டைன் 1960இல் விரிவாக ஆராய்ந்தார். படைத்த பிரசாதத்தில் கொடையாளிக்குரிய நாலில் ஒரு பங்கு ‘விட்டவன் விழுக்காடு’. இன்று நாம் சதவீதத்திற்கு வழங்கும் ‘விழுக்காடு’ அங்கே ஒருவர் பங்கில் விழும் சோறும் அதிரசமும் ஆகும்.

இனி மறுபக்கம். தாளப்பாக்கம் அன்னமாச்சாரியர் 15ஆம் நூற்றாண்டினர். அவர் மரபினரின் தெலுங்குப் பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, திருமலைக் கோயிலுக்குள் சங்கீர்த்தன பண்டாரம் என்னும் சிற்றறையில் காக்கப்பட்டன. அதே குடும்பம் அதே கோயிலுக்கு அளித்த கொடைகள் பல சுவரில் தமிழில் உள்ளன. பாட்டுக்குத் தெலுங்கு, கணக்குக்குத் தமிழ். இரண்டிலும் அவர்களுக்குத் தடையிருந்ததாகத் தெரியவில்லை. கிருஷ்ணதேவராயரின் கொடைகளோ தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்டன.

கணக்குக்கு ஏன் தமிழ்? விஜயநகரக் காலத்து ஆவணங்கள் பலவற்றின் இறுதியில் கோயில் கணக்கர் திருநின்றவூருடையான் ஒப்பமிடுகிறார். அவர் பெயரிலுள்ள ஊர் இன்றைய சென்னைக்கு அருகில் உள்ளது. ஆட்சி மாறினாலும் கணக்கர் மரபும் ஆவண நடையும் எளிதில் மாறுவதில்லை. பிரான்சின் சார்த்ர் போன்ற இடைக்காலப் பேராலய நகரங்களில் மக்கள் பேசியது பிரெஞ்சு, பேராலய ஆவணங்கள் பெரிதும் இலத்தீன். ஆனால் ஒப்புமை இவ்வளவே. இலத்தீன் அங்கே யாருக்கும் தாய்மொழி அன்று; தமிழோ வேங்கடத்தின் அடிவாரத்தில் அன்றும் இன்றும் வீட்டுமொழி.

ஆகவே கல்வெட்டு மொழியை நிலப்பட்டாவாகப் படிப்பது பிழை. அது அங்கில்லாதது போல் கடந்து செல்வது பெரும்பிழை. ‘எல்லை’ என்பதைக் கோடாகக் கொள்ளாமல், இரு மொழியும் ஒருவர் நாவிலேயே கூடும் நிலப்பரப்பாகக் கொண்டால் தாளப்பாக்கத்தார் புதிராகத் தோன்றார்.

இதில் இழப்பதற்கும் ஒன்று உண்டு. ஆனந்த நிலையத்தின் சுவர்களுக்குத் தங்கத் தகடு போர்த்தும் திட்டம் எழுந்தபோது, கல்வெட்டுகள் மறைந்துபோகும் என்ற வாதம் உயர்நீதிமன்றம் வரை சென்றது. உரிமை கொண்டாடுவோர் பலர், வாசிப்போர் சிலர். தமிழறிந்த தெலுங்கு மாணவரும் தெலுங்கறிந்த தமிழ் மாணவரும் சேர்ந்து இத்தொகுதிகளைப் படிக்க வேண்டும். வரிசை நகரும் வேகத்தில் சுவரைப் படிக்க இயலாது. திருமலைக் கோயிலுக்குள் கைபேசிக்கும் இடமில்லை. செல்வதற்கு முன் ஒரு தொகுதியையேனும் படித்துச் செல்லுங்கள். அப்போது சுவர் தானே பேசும்.