கடமை முடித்த ராக்கெட்

ராக்கெட்டுகளின் வரலாற்றை எழுதுவோர் அவை புறப்பட்ட நாளையே பெரிதாகக் குறிப்பர். செயற்கைக் கோளை இறக்கிவிட்ட பின், அதைச் சுமந்து சென்ற மேலடுக்கு என்ன ஆயிற்று என்று கேட்போர் சிலரே. 2001ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாடு அக்கேள்வியைக் கேட்டே தீரவேண்டியதாயிற்று.

அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி3 எழுந்தது. மூன்று செயற்கைக் கோள்களைக் குறையின்றி விண்ணில் சேர்த்தது. வேலை முடிந்த நான்காம் அடுக்கு ஏறத்தாழ இரண்டு திங்கள் அமைதியாகப் பூமியைச் சுற்றிவந்தது. டிசம்பர் 19ஆம் நாள் வெடித்துச் சிதறியது. 300க்கும் மேற்பட்ட துண்டுகள்! வினாடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சுற்றும் அவற்றுள் சிறியதொன்றும் ஒரு செயற்கைக் கோளை அழிக்க வல்லது.

அந்த அடுக்கின் அமைப்பைச் சிறிது காண்போம். ஒரே டைட்டானியக் கலம்; நடுவே ஒரு தடுப்பு. ஒருபுறம் எரிபொருள், மறுபுறம் அதனை எரியச் செய்யும் திரவம். இரண்டும் தொட்ட மாத்திரத்தில் தீப்பற்றும்; தனியே பொறி வேண்டுவதில்லை. பயணம் முடிந்தபின்னும் இரண்டிலும் சிறிது எஞ்சும். வெயிலும் நிழலும் மாறிமாறித் தாக்க, கலத்தினுள் அழுத்தம் ஏறலாம், தடுப்பும் பழுதுறலாம். எங்கள் குஜிலியம்பாறை உழவர், பூச்சிமருந்துத் தெளிப்பானின் காற்றைத் திறந்துவிட்ட பிறகே அதைத் திண்ணையில் சாய்த்து வைப்பார். விண்ணிலும் வேண்டுவது இவ்வளவே.

இது புதிய பாடமன்று. 1961 ஜூன் 29ஆம் நாளே அமெரிக்க மேலடுக்கு ஒன்று இவ்வாறு வெடித்திருந்தது. 1970களில் அந்நாட்டின் டெல்ட்டா ராக்கெட்டுகளின் இரண்டாம் அடுக்குகள் பல வெடித்தன. 1981க்குப் பின்னரே, எஞ்சியதை எரித்துத் தீர்க்கும் வழக்கம் அங்கு உண்டாயிற்று. அயலார் பட்டறிந்ததை நாமும் பட்டே அறிந்தோம் என்பது என் கருத்து.

ஆயினும் நம்மவர் காலம் கடத்தவில்லை. 2002 செப்டம்பர் 12ஆம் நாள் சென்ற பி.எஸ்.எல்.வி.-சி4 முதற்கொண்டே, கோளைப் பிரித்தபின் நான்காம் அடுக்கில் எஞ்சிய திரவங்களை வெளியேற்றும் முறை வந்துவிட்டது. பின்னாளில் அடுக்கையே கீழிறக்கவும் கற்றனர். 2024 ஜனவரி 1ஆம் நாள் எழுந்த சி58இன் நான்காம் அடுக்கை 650 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 350 கிலோமீட்டருக்குத் தாழ்த்தி, எஞ்சியதை வெளியேற்றி, சில ஆய்வுக் கருவிகளையும் அதிலேயே இயக்கினர். மார்ச் 21ஆம் நாள் அது வட பசிபிக் பெருங்கடலின் மேல் காற்றுமண்டலத்தினுள் புகுந்தது.