கூத்துப் பன்றியும் கம்பிச் சுருக்கும்

மலையகத் தோட்டங்களில் பெரிதாக ஆடப்படும் கூத்துகள் மூன்று: காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு. பின்னைய இரண்டிலும் ஒரு காட்டுப்பன்றி வருகிறது. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த எனக்கு இது உறைக்க நாற்பது வயதானது.

பொன்னர் சங்கரில் வரும் பன்றிக்குக் கொம்பன் என்று பெயரே உண்டு. அருச்சுனன் தபசில், தவமிருக்கும் அருச்சுனனைக் கொல்ல மூகாசுரன் பன்றி உருவில் பாய்கிறான். வேடனாக வந்த சிவன் ஓர் அம்பு விடுகிறார், அருச்சுனன் ஓர் அம்பு விடுகிறான். பன்றி செத்ததும், கொன்றது என் அம்புதான் என்று இருவருக்கும் சண்டை.

எங்கள் லயத்து வாசலில் பன்றி வேஷம் கட்டியவர் பகலில் கவ்வாத்து வெட்டப் போகிறவர். சாக்கும் அடுப்புக்கரியும்தான் ஒப்பனை. தப்பை நெருப்பில் காய்ச்சி அடிக்கத் தொடங்கியதும் நாலு காலில் கூட்டத்துக்குள் வருவார். பிள்ளைகள் நாங்கள் அலறி ஓடுவோம். அம்பு பட்டு அவர் துடித்து விழும்போது என் அம்மாயி "ஐயோ, பாவம்" என்பார். விடிந்ததும் அதே அம்மாயி, மரவள்ளியைக் கிண்டிப் போட்ட பன்றியை வாய்நிறையத் திட்டுவார். இரண்டும் மனதிலிருந்து வந்தவைதான்.

இப்போது பன்றிக்கு வைப்பது கம்பிச் சுருக்கு. மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி போதும். எது வந்து மாட்டும் என்று கம்பிக்குத் தெரியாது. காடும் தேயிலை மலையும் ஒட்டிக் கிடக்கும் இடத்தில், இரைதேடி இரவில் நடக்கும் சிறுத்தை மாட்டுகிறது. 2020 மே 26 அன்று நல்லதண்ணிப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் 29ஆம் திகதி இறந்தது.

இலங்கைச் சிறுத்தைக்கு விஞ்ஞானப் பெயர் பந்தேரா பார்டஸ் கொட்டியா. 1956இல் பி.ஈ.பி. தெரணியகல வைத்தது. யுத்த காலத்தில் கொழும்புக் கடையொன்றில் வேலை செய்தபோது எனக்கும் அந்தப் பெயர்தான் கிடைத்தது. சோதனைச் சாவடியில் நின்ற எவருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. அதனாலோ என்னவோ, அந்த மிருகத்தின் சாவுச் செய்தியை என்னால் வெறும் செய்தியாக வாசிக்க முடியவில்லை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் தோட்டத்திலும் ஒன்று மாட்டியது. யார் வைத்த சுருக்கு என்று வந்தவர்கள் கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரியும், நானும் சொல்லவில்லை. வைத்தவருக்கு நாட்சம்பளத்துக்கு மேலே இருந்தது அந்த மரக்கறிப் பாத்தி மட்டும். வேலி அடிக்கக் காசில்லை.

கூத்தில் பன்றியைக் கொன்றது நான்தான் என்று சொல்ல இரண்டு பேர் அடிபடுகிறார்கள்.

போன முறை ஒத்திகையில் கூத்து மாஸ்டரிடம், "அண்ணே, ஒரு சிறுத்தையையும் உள்ளே கொண்டுவந்தால் என்ன?" என்று கேட்டேன். அவர் தப்பைக் காய்ச்சிக்கொண்டே சொன்னார்:

"கொண்டு வரலாம் தம்பி. சிறுத்தை வேஷத்துக்குப் பொடியன்கள் போட்டி போடுவானுங்க. சுருக்கு வச்சவன் வேஷத்தை யார் கட்டுறது?"