பன்றிக்குடல் ஒட்டும் மனிதத்தோல் ஒட்டும்

ஹந்தானை, புசல்லாவைத் தோட்டங்களில் பல வருடம் கொழுந்தெடுத்தும் விறகு சுமந்தும் தேய்ந்த தோளுக்கு ஒருநாள் கை தூக்க ஏலாமல் போகும். இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்கவும் முடியாது. தோள்மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைநாண்களில் ஒன்றோ இரண்டோ எலும்பை விட்டுக் கிழிந்திருக்கும். சத்திரசிகிச்சையில் அதை எலும்போடு சேர்த்துத் தைத்துவிடலாம். தைத்தது ஒட்டிப் பிடிப்பதுதான் பெரும்பாடு. அமெரிக்காவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பெரிய கிழிவு தைக்கப்பட்ட 18 பேரில் 17 பேருக்குத் தசைநாண் மறுபடி கிழிந்திருந்தது. ஆனாலும் அவர்களில் பலருக்கு நோவு குறைந்தே இருந்தது.

தையலுக்கு மேலே ஒரு திசுத் துண்டை, அதாவது ஒட்டை, போர்த்தி வலுவூட்டும் யோசனை இந்தச் சிக்கலிலிருந்துதான் பிறந்தது. முதலில் பெயர்பெற்றது பன்றியின் சிறுகுடல் அடிச்சவ்வு. அதைப் பல அடுக்குகளாகப் பதனிட்டுச் செய்தார்கள். 2006இல் ஜோசப் இயனோட்டி குழுவினர் 30 தோள்களில் ஒப்பிட்டார்கள். ஒட்டு வைத்த 15இல் 4 மட்டுமே ஆறின. வைக்காத 15இல் 9 ஆறின. உதவ வந்த ஒட்டே பாரமாயிற்று. அதற்கு முந்தைய வருடமே அந்தச் சவ்வில் பன்றியின் டிஎன்ஏ எஞ்சியிருப்பதை வேறொரு குழு கண்டறிந்திருந்தது. கிருமியில்லாமலே சில தோள்கள் வீங்கிச் சிவந்ததும் பதிவாகியது.

மனிதத்தோல் ஒட்டு வேறு ரகம். இறந்தவர் தானமாகத் தந்த தோலின் உட்படையிலிருந்து உயிரணுக்களைக் கழுவி நீக்கினால் கொலாஜன் வலை மட்டும் மிஞ்சும். தையலை இறுகப் பிடிக்கும் அளவுக்கு அது தடிப்பானது. தைத்த தசைநாண்மேல் விரித்து, ஓரங்களைத் தைத்து, ஒரு பக்கத்தை எலும்போடு பிணைப்பார்கள். நோயாளியின் சொந்த உயிரணுக்களும் இரத்தக் குழாய்களும் மெல்ல அதற்குள் புகும். ஆலன் பார்பர் குழுவின் 2012ஆம் ஆண்டு ஆய்வில், 3 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கிழிவுள்ள 42 பேரில், ஒட்டு வைத்தோரில் 85 வீதமானோருக்கும் வைக்காதோரில் 40 வீதமானோருக்கும் தசைநாண் கிழியாமல் இருந்தது.

இந்த இரண்டு ஒட்டு ஆய்வுகளின் எண்களையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது முறையல்ல. ஒட்டில்லாதவர்களின் பலனே ஒன்றில் 60 வீதம், மற்றதில் 40 வீதம். இரண்டும் சிறிய ஆய்வுகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் காட்டும் திசை தெளிவு: மனிதத்தோல் துணை நின்றது, பன்றிக்குடல் நிற்கவில்லை. தசை கொழுப்பாகிச் சுருங்கிப்போன தோளுக்கு எந்த ஒட்டும் பெரிதாக உதவாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே "ஒட்டு வைக்கிறோம்" என்றால், அது எதன் திசு, எப்படிப் பதனிட்டது என்று நிபுணரிடம் கேளுங்கள். பன்றித் திசுவை ஏற்கத் தயங்கும் கண்டி முஸ்லிம் குடும்பங்களுக்கு அது இன்னும் அவசியமான கேள்வி.

மனிதத்தோல் ஒட்டுக்கு வேண்டிய தானத்துக்கு இலங்கையில் நமக்கு நல்ல அடித்தளம் உண்டு. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தான சங்கம் உலகறிந்தது. அதன் மனிதத் திசு வங்கி 1996 முதல் கொழும்பில் இயங்குகிறது. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் திசுத் தானத்துக்கு வழிவகுத்திருக்கிறது. தோலைப் பெரும்பாலும் முதுகிலும் தொடையிலும்தான் எடுப்பார்கள். முகம் மாறாது, வழமையான இறுதிச்சடங்குக்கும் தடையில்லை. கண்தானப் படிவத்தில் கையெழுத்திடும்போது தோலையும் தர முடியுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.