பழைய வாகன விற்பனைப் பத்திரங்கள் (ஓட்டமாவடி)

மட்டக்களப்பு மாவட்டத்தின் கோறளைப்பற்று மேற்குப் பிரதேசத்தில், வாழைச்சேனையை ஒட்டி அமைந்த ஊர் ஓட்டமாவடி. இங்கே மோட்டார் சைக்கிள், ஆட்டோ, உழவு இயந்திரம், சிறு லொறி எல்லாம் வயலுக்கும் வாவிக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே ஓடுகின்றன. ஒருவர் ஓட்டிய வண்டியை இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். விற்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் அறிமுகமானவர்கள். இல்லாவிட்டால் இருவரையும் அறிந்த தரகர் ஒருவர் இருப்பார். காசு எண்ணிக் கொடுக்கப்படும், சாவி கைமாறும். அத்தோடு எழுதப்படும், எழுதப்படாமல் விடப்படும் தாள்களைப் பற்றியது இக்கட்டுரை.

காணி விற்பனைக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்தது. அசையும் பொருளுக்கு அந்த விதி இல்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, வாங்குபவர் பொருளை ஏற்றுப் பெற்றுக்கொண்டாலோ விலையில் ஒரு பகுதியைக் கட்டினாலோ போதும். எழுத்து இல்லாமலும் அந்த ஒப்பந்தம் நீதிமன்றத்தில் நிற்கும். ஆகவே வாகனத்தின் உரிமை விற்பனையால் மாறுகிறது. பதிவு அந்த மாற்றத்தை அரசுக்கு அறிவிக்கிறது.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இவ்வூரில் எழுதிவைக்கும் கடமை இந்தச் சட்டங்களுக்கு வெகு முன்பே அறியப்பட்டது. குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது, தவணைக் கடனை எழுதச் சொல்கிறது. கைக்குக் கை நடக்கும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்று சலுகை தந்து, விற்கும்போது சாட்சி வைக்கச் சொல்கிறது. பாதிக் காசுக்கு வண்டியைக் கொடுத்துவிட்டு மீதியை அறுவடைக்குப் பின் வாங்கிக்கொள்கிறவருக்கு இதன் முதற்பகுதி அப்படியே பொருந்தும்.

வாகனத்தைத் தாளில் அடையாளப்படுத்துவது இலக்கம். பிரித்தானியாவில் 1903ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1904 முதல் பதிவு இலக்கம் கட்டாயமானது. உரிமையாளர் பெயர் எழுதிய பதிவுப் புத்தகம் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. இலங்கையில் 1927, 1938ஆம் ஆண்டுகளின் மோட்டார் கார் கட்டளைச் சட்டங்கள் இதே வழியில் சென்றன. சிலோன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளிலிருந்து இரண்டிரண்டாக எடுத்துத் தகடுகளில் பொறித்தார்கள். சிஇ, சிஎல், சிஎன், இஎல், இஒய் எனத் தொடங்கும் தகடுகள் அக்காலத்தவை.

1950களின் பிற்பகுதியில் அந்த எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. அதைத் தமிழர்கள் மீதான திணிப்பாகக் கண்ட தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தை நடத்தியது. வடக்கிலும் கிழக்கிலும் சிங்கள எழுத்தைத் தாரால் அழித்துத் தமிழில் ஸ்ரீ எழுதினார்கள். தெற்கில் தமிழ் எழுத்துப் பலகைகளில் தார் பூசினார்கள். பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்துகொண்ட பண்டா–செல்வா ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கைவிடப்பட்டது, மே மாதத்தில் இனக் கலவரம் மூண்டது. தகட்டில் ஓர் எழுத்தும் பதிவுப் புத்தகத்தில் வேறோர் எழுத்துமாக ஒரு வண்டி நிற்கும்போது, அதை ஐயமின்றிக் காட்டக்கூடியவை இரும்பில் அடித்த சேஸ் இலக்கமும் என்ஜின் இலக்கமும்தான். விற்பனைத் தாளில் இவ்விரண்டையும் எழுதவேண்டும் என்று சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

பின்னர் எழுத்தே இல்லாத எண் தொடர்கள் வந்தன. 2000 முதல் மாகாணத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் தகட்டின் முன்னே அமர்ந்தன. கிழக்குக்கு இபி, மேல் மாகாணத்துக்கு டபிள்யூபி. கொழும்பில் வாங்கிய வண்டியை ஓட்டமாவடி முகவரிக்கு மாற்ற வேண்டுமானால் தகட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. இந்தச் செலவுக்கும் அலைச்சலுக்கும் அஞ்சிப் பெயர் மாற்றத்தையே தள்ளிப்போட்டவர்கள் உண்டு. 2023 ஜனவரி முதல் அந்தத் தேவை நீக்கப்பட்டது.

இன்று நடைமுறையில் உள்ள அடிப்படைச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். அதன் 12ஆவது பிரிவின்படி வாகனம் கைமாறிய 14 நாட்களுக்குள் பழைய உரிமையாளர் மோட்டார் போக்குவரத்து ஆணையாளருக்கு அறிவிக்க வேண்டும். புதியவர் தன் பெயரில் பதியக் கோர வேண்டும். விற்றவர் நிரப்புவது எம்.டி.ஏ. 8, வாங்கியவர் நிரப்புவது எம்.டி.ஏ. 6. பதிவுச் சான்றிதழ் (ஊரில் சிஆர்), அடையாள அட்டைப் பிரதிகள், வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவை கூடச் செல்லும்.

நடப்பது வேறு. விற்றவர் படிவங்களில் கையொப்பமிடுகிறார். வாங்கியவரின் பெயருக்கும் தேதிக்கும் உரிய இடம் வெறுமையாக விடப்படுகிறது. வண்டி இந்த வெற்றுப் படிவத்தோடு, அதாவது ஓபன் பேப்பரில், அடுத்தவரிடம் போகிறது, அவரிடமிருந்து அதற்கடுத்தவரிடம். மூன்றாவது கைக்குப் போன வண்டி விபத்தில் சிக்கினாலும் திருட்டுக்கோ கடத்தலுக்கோ பயன்பட்டாலும், பொலிஸ் முதலில் தேடி வருவது பதிவில் உள்ள பெயரைத்தான். யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகளில் ஓட்டுபவரின் பெயருக்கும் பத்திரத்தின் பெயருக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைக் கிழக்கு மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. இந்த வழக்கம் விற்பவருக்கு இழைக்கப்படும் அநியாயம். அவர் காசு வாங்கி மறந்த பொருள் பல வருடம் கழித்து அவர் வாசலுக்கே வழக்காக வருகிறது.

தமிழ்நாட்டில் இந்த எம்.டி.ஏ. படிவங்களுக்கு நிகரானவை படிவம் 29, படிவம் 30. அங்கும் இதே நிலைதான். பெயர் மாறாத வண்டி பல கை தாண்டியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுக்குப் பதிவில் உள்ளவரே பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

ஆகவே எம்.டி.ஏ. 8ஐ வாங்குபவரின் கையில் மட்டும் கொடுத்துவிட்டு இருப்பது போதாது. விற்பவர் தானே ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் ஆணையாளருக்கு அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைப் பாதுகாக்க வேண்டும். தனியாக எழுதும் விற்பனைத் தாளில் இருவரின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, வண்டியின் மூன்று இலக்கங்கள் (பதிவு, சேஸ், என்ஜின்), விலை, மீதித் தொகைக்கு நாள், இரண்டு சாட்சிகள் எல்லாம் வேண்டும். சாவி கொடுத்த நேரத்தையும் எழுதுவது நல்லது. அன்று மாலையே விபத்து நடந்தால் அந்த ஒரு வரிதான் பேசும். 25,000 ரூபாவுக்கு மேற்பட்ட பணத்துக்கான பற்றுச்சீட்டில் 25 ரூபா முத்திரை ஒட்டப்படும். சமாதான நீதவான் முன் செய்யும் சத்தியக்கடதாசி கூடுதல் பலம், ஆனால் அது பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது.

லீசிங்கில் உள்ள வண்டியின் சிஆரில் நிதி நிறுவனம் முழு உரிமையாளராகப் பதிவாகியிருக்கும். கடைசித் தவணை கட்டி, நிறுவனத்தின் விடுவிப்பு வரும்வரை பெயர் மாற்றம் நடக்காது. காப்புறுதி நிறுவனத்துக்கும் விற்பனையைத் தனியாக அறிவிக்க வேண்டும்.

2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது அடையாள அட்டையும் சேஸ் இலக்கமும் கேட்கப்பட்டன. ஓபன் பேப்பரில் ஓடிய பலர் பழைய உரிமையாளரைத் தேடிப் போனார்கள். 2024 ஜனவரியில் கொழும்பில் கமராப் பதிவை வைத்துப் பதிவு உரிமையாளருக்குத் தண்டப்பத்திரம் அனுப்பும் முறை தொடங்கியது.